பேக் ஆட யாருல வாரா?

பாளையங்கோட்டையில் நாங்கள் கால்பந்து ஆடும் மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பையன்களாவது வருவார்கள். அணி பிரிக்கும்போது "பேக் ஆட யாருல வாரா?" என்று கேட்டால் ஒரு கை எழும்பாது. பேக் என்றால் பின்னால் நின்று எதிராளியைத் தடுக்கிறவன். அத்தனை பேரும் கோல் போடுகிற ஃபார்வர்ட், இல்லாவிட்டால் ஓரத்தில் ஓடுகிற விங்கர். கடைசியில் அன்றைக்குப் புதிதாக வந்தவன் தலையில்தான் அந்த இடம் விழும்.

என் அக்கா மகன் மட்டும் தானாகக் கேட்டு பேக் ஆடுவான். பதினான்கு வயது. போன மாதம் ஓர் அணித் தேர்வுக்குப் போய்விட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நடையில் உட்கார்ந்திருந்தான். "ஒருத்தன்கூட என்னத் தாண்டிப் போவல மாமா. பின்னால இருந்து பாஸ் போடத் தெரியலன்னு எடுக்க மாட்டேன்னுட்டாவ" என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தடுக்கவென்று நிற்கிறவனிடம், தடுத்தாயா என்று கேட்க ஒருவர்கூட இல்லையா?

தடுப்பாட்டம் செத்துவிட்டது என்பவர்கள் முதலில் கோல் கணக்கை எடுத்துப் போடுவார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. 2022 கத்தார் உலகக் கோப்பையில் 172 கோல். அதுவரை எந்த உலகக் கோப்பையிலும் அவ்வளவு விழுந்ததில்லை. ஆனால் ஆட்டங்கள் 64. சுவிட்சர்லாந்தில் 1954-ல் வெறும் 26 ஆட்டத்தில் 140 கோல் விழுந்தது. அந்தக் காலத்து பேக்குகளுக்குத் தடுக்கத் தெரியாது என்று சொல்வோமா? அதே கத்தாரில் மொராக்கோ அரையிறுதிக்குப் போகும்வரை வாங்கியது ஒரே ஒரு கோல். அதுவும் கனடாவோடு ஆடும்போது சொந்த ஆள் காலில் பட்டுப் போன சேம்சைடு கோல். அணியாகச் சேர்ந்து தடுப்பது இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. தேய்ந்துகொண்டு வருவது வேறு. ஒருத்தன் பந்தோடு வருகிறான், உனக்குப் பின்னால் கோல் காக்கிற கோலி மட்டும்தான். அப்போது என்ன செய்வாய்? அந்த வேலைதான் தேய்கிறது.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் பெரியப்பா. உவரிக்குத் தெற்கே கடற்கரை ஊர் எங்களுடையது. கடலுக்குப் போய்விட்டு வந்து, சாயங்காலம் வலை பொத்தி முடித்த கையோடு பந்தாட வருவார். ஸ்டாப்பர் பேக். பூட்ஸ் கிடையாது, ஆளும் உயரமில்லை. கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் மாதங்களில் உயரப் பந்து எங்கே இறங்கும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். பந்து மேலே கிளம்பியதுமே இரண்டு எட்டு பின்னால் வைத்திருப்பார்.

என்னை ஈர மணலில் நிறுத்திக் கம்பால் ஒரு கோடு கிழித்தார். "நேரா நிக்காதல. நேரா நின்னா ரெண்டு பக்கமும் வாசல் தொறந்து கெடக்கும்." என் தோளைப் பிடித்துக் கால்வாசி திருப்பினார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் கொஞ்சம் மடங்கி, குதிகால் மண்ணில் அழுந்தாமல். "அவன் காலப் பாக்காத, இடுப்பப் பாரு." பிறகு அவரே பந்தோடு வந்தார். நான் பாய்ந்தேன். பந்து என் காலுக்கடியில் போனது. திரும்ப வந்தார், திரும்பப் பாய்ந்தேன். பத்துத் தடவையாவது இருக்கும். இருட்டத் தொடங்கிய பிறகு, பாய்வதற்குத் தெம்பில்லாமல் அவர் கூடவே பின்னால் நகர்ந்து போனேன். கடல் பக்கத்துக் கோடு வரை வந்துவிட்டார். அதற்கு மேல் வழியில்லை. பந்தைச் சற்று நீளமாகத் தட்டினார். அந்த இடைவெளியில் காலை வைத்து எடுத்துவிட்டேன். "இதான்ல. அவன் தப்பு செய்யுத வரைக்கும் நீ நிக்கணும்" என்றார்.

அந்தப் பாடத்தை நான் திரும்பவும் பார்த்தது 2019 மார்ச் 31 ராத்திரி, டிவியில். இங்கிலாந்து லீக் ஆட்டம், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் லிவர்பூலும் டாட்டன்ஹாமும் 1-1. முடிய ஐந்து நிமிடம் இருக்கும். டாட்டன்ஹாமின் சிசோகோ பந்தோடு ஓடி வருகிறார், பக்கத்தில் அதே அணியின் சன் ஹியுங்-மின். எதிரே லிவர்பூல் பேக் வான் டைக் ஒற்றை ஆள். அவர் பாயவில்லை. சன்னுக்குப் பந்து போகும் பாதையை அடைத்தபடியே பின்வாங்கிக்கொண்டு போனார். சன் அடித்தால் கோல் ஆகும், சிசோகோ அடித்தால் தவறலாம் என்பது அவருக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் சிசோகோ இடது காலால் அடித்தார். பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. கடைசி நிமிடத்தில் லிவர்பூல் 2-1 என்று ஜெயித்தது. அந்த ஓட்டத்தில் வான் டைக் பந்தைத் தொடவே இல்லை. நான் என்னையறியாமல் எழுந்து நின்றிருந்தேன்.

இது ஏன் குறைந்தது என்றால், பையன்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. விதிகள் மாறின. பேக் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுக்கும் பந்தைக் கோலி கையால் எடுக்கக் கூடாது என்று 1992-ல் வந்தது. கோலுக்குப் பக்கத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் கோல் கிக்கை, கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பாக்ஸுக்குள்ளேயே நின்று சொந்த ஆள் வாங்கலாம் என்று 2019-ல் வந்தது. எதிராளி நெருக்கும்போது பதறாமல் பாஸ் போடுகிறவனைத்தான் பிறகு எல்லோரும் தேடுகிறார்கள். தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் தேடினால்?

அடுத்தது கை. பாக்ஸுக்குள் பேக் கையில் பந்து பட்டால் பெனால்டி ஆகலாம். படத்தைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் வீடியோ நடுவர் முதன்முதலாக உலகக் கோப்பைக்கு வந்த 2018-ல், ரஷ்யாவில் 29 பெனால்டி கொடுத்தார்கள். அதற்கு முன் எந்த உலகக் கோப்பையும் 18-ஐத் தாண்டியதில்லை. இப்போது பாக்ஸுக்குள் பேக்குகள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்படிக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் நாலு எட்டு ஓடி, சட்டென்று திரும்பிப் பாருங்கள். கையை வீசாமல் உடம்பு திரும்பாது.

எனக்கு 2006 இத்தாலி அணிதான் அடிக்கடி நினைவு வரும். உலகக் கோப்பை முழுக்க அவர்கள் வாங்கியது இரண்டே கோல். ஒன்று சேம்சைடு, இன்னொன்று இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் ஜிதேன் போட்ட பெனால்டி. நடுவில் நின்ற கன்னவாரோவின் உயரம் அஞ்சே முக்கால் அடிதான், எங்கள் பெரியப்பாவைவிடக் கொஞ்சம் கூட. அந்த வருடம், சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் பாலன் தோர் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு எந்த பேக்குக்கும் கிடைக்கவில்லை. நம் பையன்கள் கை தூக்காததற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

அக்கா மகனைப் பாஸும் பழகச் சொல்லியிருக்கிறேன். தினமும் சுவரில் நூறு தட்டு, அதில் ஐம்பது இடது காலால். ஆறு மாதத்தில் வந்துவிடும். பாயாமல் நிற்கும் நிதானம் அவனுக்கு இந்த வயதிலேயே வந்திருக்கிறது, அதைப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்களே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வருகிற ஞாயிறு முதல் ஆட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் ஒத்தைக்கு ஒத்தை மட்டும் வைக்கப் போகிறோம். பத்து எட்டு அகலம், எல்லைக்குப் பக்கத்துக்கு ஒரு செருப்பு. ஒருத்தன் பந்தோடு வரவேண்டும், ஒருத்தன் நிறுத்தவேண்டும். நிறுத்துகிறவனுக்குத்தான் புள்ளி. தாண்டிப் போகிறவனுக்குக் கிடையாது. காலை ஆறு மணிக்குத் தொடங்குவோம். பாளையங்கோட்டை, பெருமாள்புரம் பக்கம் இருக்கிறவர்கள் பிள்ளைகளை அனுப்புங்கள், பெண்பிள்ளைகளும் வரட்டும். பூட்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.