ஊசிக்கு முன்னால் எம்.ஆர்.ஐ.

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் புரதம்; கூடினால் புற்றுநோயோ என்று சந்தேகிப்பார்கள்) அளவு கூடியிருக்கிறது என்றதும் அண்ணன் நேராக பயாப்சிக்கே, அதாவது ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதற்கே, நாள் குறித்துவிட்டார். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்று பிடிவாதமாக நின்றேன். யார் கேட்டாலும் இன்றும் அதையேதான் சொல்வேன்.

பழைய முறையில் ஆசனவாய் வழியே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, புராஸ்டேட்டின் பல பகுதிகளிலிருந்து வழக்கமாக 12 துணுக்குகள் எடுப்பார்கள். அந்தப் படத்தில் சுரப்பி தெரியும், கட்டி பல நேரம் தெரியாது. முன்பக்கம் இருப்பது தப்பிவிடலாம். எம்.ஆர்.ஐ. சந்தேகமான இடத்தைக் காட்டிவிட்டால் ஊசி அங்கேயே போகும். 2018-இல் வெளியான பிரிசிஷன் ஆய்வில், இந்த வழியில் சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் அதிகமாகவும், தீங்கற்றது போலவே கிடக்கும் வகை குறைவாகவும் கண்டறியப்பட்டது. இரண்டாவது விஷயம் எனக்கு ரொம்ப முக்கியம்: தேவையில்லாத சிகிச்சை சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் தாம்பத்தியத்தையும் பறித்துவிடக்கூடும்.

அண்ணனுக்கு விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தோல் வழியாக, மரத்துப்போக ஊசி போட்டுத் துணுக்குகளை எடுத்தார்கள். குடல் கிருமி தொற்றும் ஆபத்து இதில் குறைவு. சிறுநீரில் சில நாள் ரத்தம் வரும், விந்தில் சில வாரம்கூட வரலாம் (இதை முன்பே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும்). காய்ச்சல், குளிர் நடுக்கம், சிறுநீர் அடைப்பு வந்தால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.