மணலில் புரளும் குதிரை: என் குறிப்பேட்டிலிருந்து

கோவைக்கு அருகே ஒரு குதிரையேற்றப் பள்ளியில் வார இறுதிகளில் பயிலத் தொடங்கிய புதிதில், சேணத்தைக் கழற்றியதுமே மணல் திடலுக்குப் போய்ப் புரளும் மார்வாரி இனக் குதிரையைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அரை மணி நேரம் பிரஷ் போட்டுத் தேய்த்த உழைப்பு கண்ணெதிரே மண்ணாய்ப் போகும். அந்த எரிச்சலில்தான் அது எப்போது, எங்கே புரள்கிறது என்று குறித்துவைக்கத் தொடங்கினேன்.

முதல் மாதம் வியர்வையே காரணம் என்று முடிவு கட்டினேன். குதிரையின் வியர்வையில் லாத்தரின் என்ற புரதம் இருப்பதால் அது சோப்பைப்போல் நுரைக்கும். சேணம் இருந்த இடம் அப்படியே வெள்ளைத் தடமாகக் காய்ந்து, உப்புப் பூத்து அரிக்கும். கழுவிவிட்டால் புரளாது என்று எண்ணி, ஒரு நாள் முதுகு முழுவதும் நீரூற்றிக் கழுவினேன். நேரே திடலுக்குப் போய், முன்பைவிட அதிகமாகச் சேற்றைப் பூசிக்கொண்டு வந்து நின்றது. "ஈரத்தோட விட்டா அது வேற என்ன பண்ணுமுங்க தம்பி? மண்ணு ஒட்டுனா ஈயும் கிட்ட வராதுங்க" என்றார் லாயத்துப் பெரியவர். என் முடிவில் பாதிதான் சரி.

ஒரு குதிரை புரண்ட இடத்தை அடுத்தது மோந்து பார்த்துவிட்டு அங்கேயே புரள்வதையும் பலமுறை கண்டேன். வாசனைக்கும் இதில் பங்குண்டு போலும்.

எழும் விதத்தைச் சும்மாதான் குறித்துவந்தேன். மாடு பின்னங்கால்களில் முதலில் எழும். குதிரையோ முன்னங்கால்களை நீட்டி ஊன்றி, பின்புறத்தை உந்தி எழுந்து, தலை முதல் வால் வரை ஒரு உதறு உதறும். மூன்றாம் மாதம் ஒரு மாலை அந்த உதறல் இல்லை. எழுந்தது, தன் விலாவைத் திரும்பிப் பார்த்தது, முன்காலால் தரையைப் பறித்தது, மறுபடி படுத்துப் புரண்டது. தாடைக்கு அடியில் விரல் வைத்து எண்ணியபோது நாடி நிமிடத்துக்கு 64. ஓய்வில் 28 முதல் 44 வரைதான் இருக்க வேண்டும். வயிற்றுவலி. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்திப் பார்த்து, வலிக்கு ஊசி போட்டார். விடியற்காலையில் குதிரை சாணம் போட்ட பிறகுதான் பெரியவர் தேநீர் குடிக்கப் போனார்.

குறிப்பேட்டில் இப்போது 'உதறியதா?' என்று தனிப் பத்தி ஒன்று உண்டு. அதற்கு அடுத்த ஞாயிறன்று அதில் எழுதியிருப்பது: உதறியது, என் சட்டையெல்லாம் மண்.