பூனைக்கு எந்த சுகர் மெஷின்? வேலூரில் தேடி வாங்கிய அனுபவம்

வயதான, குண்டான, கருத்தடை செய்த ஆண் பூனை. சர்க்கரை நோய் அதிகம் வருவது இந்த வகைப் பூனைக்குத்தான். எங்கள் செவலை மூன்றிலும் அடக்கம். தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடித்தான், கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான், ஆனாலும் முதுகெலும்பு கையில் தட்டுப்பட ஆரம்பித்தது. மணல் தட்டை அள்ளும்போது கட்டி ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு இருக்கும். அம்மாதான் முதலில் பிடித்தாள். “தட்டாண்ட எறும்பு மொய்க்குது பாரு. எனக்கு வந்தாமாரியே இதுக்கும் சுகரு.”

டாக்டர் ரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்த்து உறுதி செய்தார். தினம் இரண்டு வேளை இன்சுலின் போட வேண்டும், வீட்டிலேயே சுகர் பார்க்கப் பழக வேண்டும் என்றார். முதலில் எனக்கு இது தேவையா என்று தோன்றியது. வாரம் ஒரு முறை கிளினிக்கில் பார்த்தால் போதாதா? போதாது. சத்துவாச்சாரியிலிருந்து ஆட்டோவில் கூடையோடு போய், நாய் குரைக்கும் இடத்தில் உட்கார வைத்தால் பூனையின் சர்க்கரை பயத்திலேயே ஏறிவிடும். நோயே இல்லாத பூனைக்குக்கூட அந்த நேரத்தில் 300 வரை காட்டலாம். அந்த எண்ணை நம்பி டோஸை ஏற்றினால், வீட்டுக்கு வந்து பயம் தெளிந்தபின் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கும். பூனைக்கு உயிர் போகிற ஆபத்து அதிகச் சர்க்கரையில் மட்டுமில்லை, தாழ்ச் சர்க்கரையில்தான் நொடியில் வருகிறது. அதனால் வீட்டு மெஷின் கட்டாயம்.

வீட்டில் அம்மாவின் மெஷின் ஏற்கெனவே இருந்தது. அதிலேயே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். காது ஓரத்தில் குத்தினால் வருவது கடுகில் பாதி. அந்தப் பழைய மெஷினின் ஸ்ட்ரிப்புக்கோ 1 முதல் 2 மைக்ரோலிட்டர் ரத்தம் வேண்டும். எரர் காட்டும், ஸ்ட்ரிப் வீணாகும், மறுபடி குத்த வேண்டும். செவலை முறைக்க ஆரம்பித்தான். விளம்பரத்தில் போடும் புளூடூத், மெமரி எல்லாம் அப்புறம். பூனைக்கு மெஷின் தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் ரத்த அளவு. 1 மைக்ரோலிட்டருக்கு மேல் கேட்கும் எதுவும் வேண்டாம். 0.6 என்றால் சமாளிக்கலாம். 0.3 என்றால் சொர்க்கம்.

அந்த 0.3 இருப்பது விலங்குகளுக்கென்றே செய்த ஆல்ஃபாடிராக் மீட்டரில். அதன் அருமை ரத்த அளவு மட்டுமில்லை. மனித ரத்தத்தில் சர்க்கரையில் ஏறக்குறைய 58 சதவீதம் பிளாஸ்மாவிலும் 42 சதவீதம் சிவப்பணுக்களிலும் இருக்கும். பூனை ரத்தத்தில் 93 சதவீதம் பிளாஸ்மாவிலேயே இருக்கிறது, அணுக்களில் 7தான். மனிதக் கணக்கில் அமைத்த மெஷின் பூனை ரத்தத்தைப் பார்த்தால், இருப்பதைவிடக் குறைவாகச் சொல்லும். ஆல்ஃபாடிராக்கில் நாய்க்கு வேறு, பூனைக்கு வேறு என்று தனி அமைப்பு உண்டு. அதை மாற்றி வைத்தால் எண் தப்பாகிவிடும்.

இதையே வாங்கிவிடலாம் என்று தீர்மானமாகத்தான் இருந்தேன். டாக்டர் கேட்ட ஒரு கேள்வி நிறுத்தியது: “ராத்திரி ஒம்பது மணிக்கு ஸ்ட்ரிப் தீர்ந்துபோனா எங்கம்மா போவீங்க?” நான் விசாரித்த கடைகளில் அந்த ஸ்ட்ரிப் இல்லை. வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், விலையும் அதிகம். மெஷினை ஒருமுறை வாங்குகிறோம், ஸ்ட்ரிப்பை மாதா மாதம் வாங்குகிறோம். சென்னையில் இருப்பவர்களுக்கும் கையில் காசு தாராளமாக இருப்பவர்களுக்கும் அதுவே நல்லது என்று இன்றும் சொல்வேன். எங்களுக்கு ஒத்துவரவில்லை.

லிப்ரே சென்சாரையும் டாக்டர் சொன்னார். தோல் மேல் ஒட்டிவைத்தால் 14 நாள் வரை குத்தாமலே பார்க்கலாம், 40 முதல் 500 வரை காட்டும். முடியை மழித்து ஒட்ட வேண்டும், பூனை நக்கிப் பிய்த்தால் போச்சு. முதல் மாதம் டோஸ் நிலைப்படும்வரை முடிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். வருஷக்கணக்கில் அதையே நம்பி இருக்க எங்களால் ஆகாது.

மிச்சம் இருந்தது, சின்னச் சொட்டு போதுமான மனித மெஷின். சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரில் இருக்கும் மருந்துக்கடைகளுக்குப் போனேன். வேலூரில் பிறந்ததற்கு இது ஒரு கொடுப்பினை: மனித மெஷினுக்கான எந்த ஸ்ட்ரிப்பும் எப்போதும் கிடைக்கும், தேதி பழசாகாமல் கிடைக்கும். கடைப் பையன், “இன்னாக்கா, அம்மா மெஷினு ரிப்பேரா?” என்றான். பூனைக்கு என்றேன். சிரிக்கவில்லை. “எவ்ளோ ரத்தம் வரும், அத்த சொல்லுக்கா” என்று கேட்டுவிட்டு, பெட்டிகளை எடுத்துப் பரப்பினான். கான்டூர் பிளஸ்ஸை எடுத்தேன். 0.6 மைக்ரோலிட்டர் போதும். குறைந்தால் அதே ஸ்ட்ரிப்பில் உடனே இன்னும் கொஞ்சம் தொட்டுக்கொள்ள விடுகிறது. ஸ்ட்ரிப் டப்பாவின் கோட் நம்பரை மெஷினில் பதியும் வேலையும் இல்லை. பூனை வைத்திருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு எவ்வளவு பெரிய உதவி என்பது ஒருமுறை பாதிச் சொட்டோடு தவித்தவர்களுக்குத் தெரியும்.

குறைவாகக் காட்டும் மெஷினை எப்படி நம்புவது? டாக்டரிடம் அதையும் கொண்டுபோனேன். காலில் ரத்தம் எடுத்தார். ஊசியிலிருந்தே ஒரு சொட்டு ஸ்ட்ரிப்பில்; மீதி சாம்பல் மூடிக் குழாயில் லேபுக்கு. சாதாரணக் குழாயில் வைத்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று எண்ணைக் குறைத்துவிடும், சாம்பல் மூடியில் அதைத் தடுக்கும் ஃப்ளூரைடு இருக்கிறது. மெஷின் 271, லேப் 342. அந்த இடைவெளியைப் பார்த்தபின் எனக்கு நிம்மதியே வந்தது. எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்று தெரிந்துவிட்டதே! ஆனால் எண் எதுவானாலும் இதே இடைவெளி என்று கூட்டிக்கொள்ளக் கூடாது. சர்க்கரை ஏற ஏற வித்தியாசமும் பெருகும், தாழ்வான பக்கத்தில் சுருங்கும். ரத்தசோகை உள்ள பூனையிலும் உடம்பில் நீர் வற்றிய பூனையிலும் மாறும். அதனால் டாக்டர் எங்களுக்கு வைத்த விதி எளிது: ஒரே மெஷின், ஒரே ஸ்ட்ரிப், அதே நேரங்கள். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைப் பார். எழுதிவை. மெஷினில் 60க்குக் கீழே காட்டினால் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்காதே, ஈறில் தேனைத் தடவிவிட்டு எனக்கு போன் பண்ணு.

நம்ம ஊர் வெயிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரிப்பை 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். மே மாத வேலூரில் நிழலிலேயே 40ஐத் தாண்டுகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈரம் பிடித்துக் கெடும். வடக்குச் சுவர் அலமாரியில், கீழ்த்தட்டில், மூடி இறுக்கி வைக்கிறோம். கூரியர் வண்டியில் நாளெல்லாம் வெந்துவரும் ஸ்ட்ரிப்பை வெயில் காலத்தில் வாங்குவதில்லை. டப்பாவைத் திறந்த தேதியை மூடியில் பேனாவால் எழுதிவிடுவேன்.

குத்துவதற்குக் கை பழகும்வரைதான் கஷ்டம். வெதுவெதுப்பான துணியைக் காதில் கொஞ்ச நேரம் பிடித்தால் ஓர நரம்பு புடைக்கும். செல்போன் டார்ச்சைக் காதுக்குப் பின்னால் காட்டினால் செவலையின் காதில் சிவப்புக் கோடு போல அது தெரியும். அந்தக் கோட்டுக்கும் ஓர விளிம்புக்கும் நடுவில் குத்த வேண்டும், நரம்பின் மேலேயே அல்ல. மெலிசாக வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் உருண்டு நிற்கும். பின்னால் பஞ்சு வைத்தால் என் விரலில் குத்தாது. முடிந்ததும் பஞ்சால் அழுத்திப் பிடித்துவிட்டு, வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. இப்போது அலமாரி திறக்கும் சத்தம் கேட்டாலே அவனாக வந்து உட்காருகிறான்.

மெஷின் வாங்கும் அதே கடையில்தான் இன்சுலின் ஊசியும் வாங்குவீர்கள், ஆகவே இதையும் கவனியுங்கள். நம் நாட்டில் 40 யூனிட் ஊசியும் 100 யூனிட் ஊசியும் இரண்டும் விற்கின்றன; ஒரு மில்லிக்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்பதே அந்த எண். சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100. 100 யூனிட் இன்சுலினை 40 ஊசியின் கோட்டைப் பார்த்து ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். பூனை தாங்காது. புட்டியையும் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

போன ஞாயிறு காலை ஊசிக்கு முன் தொடங்கி, இரண்டு மணிக்கு ஒருமுறை என்று மாலை வரை பார்த்து நோட்டில் எழுதினோம். மதியம் இறங்கி, சாயங்காலம் மெல்ல ஏறியிருந்தது. டாக்டர் அந்தப் பக்கத்தைப் பார்த்து டோஸைக் குறைத்தார். அரிசியும் பிஸ்கட்டும் நிறுத்தி இறைச்சி உணவுக்கு மாற்றியதில் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவது உண்டு என்றும் சொன்னார். அடுத்த ஞாயிறு மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார். இந்த முறை அம்மா டார்ச் பிடிப்பாள், தம்பி நோட்டு எழுதுவான். ஸ்ட்ரிப் டப்பா புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட்டேன்.