வாசலில் அளந்தால் போதுமா?

கனிம மணலைப் பிரிக்கும் ஆலையில் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கிறேன். அணு உலை என்றால் எல்லோருக்கும் உடனே கதிர்வீச்சு நினைவுக்கு வருகிறது. சுரங்கம் என்றால் அப்படி இல்லை. "காலங்காலமாகக் கிடந்த மண்தானே" என்பார்கள். அதில் யுரேனியமும் தோரியமும் இயற்கையாகவே கொஞ்சம் கலந்து கிடந்தது உண்மைதான். ஆனால் நாங்கள் அதைக் கிடந்தபடி விட்டுவைப்பதில்லையே.

சர்வதேச அணுசக்தி முகமையின் அளவுகோல்படி, யுரேனியம், தோரியம் வரிசைகளில் (அவையும் அவை சிதைந்து அடுத்தடுத்துப் பிறக்கும் தனிமங்களும்) உள்ள எதுவும் கிராமுக்கு 1 பெக்கரலை, அதாவது நொடிக்கு ஒரு அணுச் சிதைவைத் தாண்டாவிட்டால் பொதுவாகக் கட்டுப்பாடு தேவையில்லை. தோரியத்தில் இது பத்து லட்சத்துக்குச் சுமார் 250 பங்கு. தோண்டியெடுத்த மணல் இதற்குக் கீழே இருக்கலாம். உள்ளே போனதும் கதை மாறுகிறது. மணலில் கலந்திருக்கும் கனிமங்களில் இல்மனைட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைல் தனியே போகும். கடத்தாத சிர்க்கானும் மோனசைட்டும் சேர்ந்து மிஞ்சும். மோனசைட்டின் லேசான காந்தத்தன்மையை வைத்து அதையும் பிரித்துவிடுவோம். 6 சதவீதம் தோரியம் உள்ள மோனசைட்டில் தோரியம்-232 மட்டுமே கிராமுக்குச் சுமார் 240 பெக்கரல். நாங்கள் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை, மற்றதையெல்லாம் எடுத்துவிட்டோம், அவ்வளவுதான். அதனால்தான் உள்ளே வரும் மணலை ஆலை வாசலில் ஒருமுறை அளந்து அனுமதி கொடுப்பதை நான் ஒழுங்குமுறை என்று ஏற்பதில்லை. சரக்கு போகும் இடமெல்லாம் அளவீடும் கூடவே போக வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை தருவது உலர் பிரிப்புப் பகுதியின் தூசி. "சார், பேட்ஜ்ல எல்லாம் சரியாத்தானே வருது?" என்று தொழிலாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சட்டையில் மாட்டியிருக்கும் அந்தக் கதிர்வீச்சு அளவிப் பேட்ஜ், வெளியிலிருந்து உடம்பில் படும் கதிர்வீச்சைத்தான் சொல்லும். மூச்சோடு நுரையீரலுக்குள் போன தோரியத் தூசி அதற்குத் தெரியாது. மோனசைட் சிர்க்கானைவிட மென்மையானது, சீக்கிரம் பொடியாகும். ஆகவே குவியலில் இருப்பதைவிடக் காற்றில் பறக்கும் தூசியில் அதன் பங்கு கூடுதலாக இருக்கலாம். சட்டைக் காலரில் காற்று மாதிரிக் கருவியை மாட்டி, வடிதாளில் படிந்த தூசி வெளிவிடும் ஆல்ஃபா துகள்களின் எண்ணிக்கையை எடுத்தால்தான் உண்மை தெரியும். அதையும் எடுத்த கையோடு எண்ணக் கூடாது. தோரிய வரிசையில் பிறக்கும் தோரான் வாயுவின் வழித்தோன்றல்களும் வடிதாளில் படிந்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும். அவற்றில் ஒன்றான ஈயம்-212இன் அரை ஆயுள் 10.6 மணி நேரம். அது தேய்ந்து போகச் சில நாள் பொறுக்க வேண்டும். உற்பத்திப் பிரிவோடு எனக்கு வாக்குவாதம் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்தச் சில நாட்களுக்காகத்தான். நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அமிலமோ சூளையோ வந்துவிட்டால் இன்னும் சிக்கல். எங்கள் ஆலையில் நடப்பது வெறும் பிரிப்பு. தாய்த் தனிமமும் அது சிதைந்து பிறக்கும் சேய்த் தனிமங்களும் ஒரே மணல் துகளுக்குள் கட்டுண்டு கிடக்கும். பாஸ்பேட் பாறையை அமிலத்தில் கரைத்தால் யுரேனியத்தின் சேயான ரேடியத்தின் பெரும்பகுதி ஜிப்சத்தோடு போய்விடும். உலோக உலைகளில் இன்னொரு சேயான பொலோனியம்-210 ஆவியாகிப் புகைக்கூண்டுத் தூசியில் படியும். யுரேனியத்தை மட்டும் அளந்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதித் தரும் அறிக்கையை இங்கே நம்பவே முடியாது.

அதற்காக ஒவ்வொரு மணல்மேட்டையும் அணு உலை மாதிரி நடத்தச் சொல்லவில்லை. முகமை 2014இல் வெளியிட்ட பாதுகாப்புத் தரநிலை ஆபத்துக்கு ஏற்ற கட்டுப்பாடு என்கிறது. ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளவில் நிற்கும் வேலைகளுக்கு விலக்குத் தரவும் வழி வைத்திருக்கிறது. எனக்கு அது சரியென்றே படுகிறது. எல்லாக் குவியலிலும் எச்சரிக்கைப் பலகை நட்டால், பார்க்க வேண்டிய பலகையையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஒழுங்குமுறை கறாராக இருந்தே ஆக வேண்டும். பேட்ஜ் அளவையும் தூசியால் வந்த அளவையும் கூட்டி, ஆண்டு மொத்தத்தை அந்தந்தத் தொழிலாளியின் கையில் எழுத்தில் தர வேண்டும். ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்ற வரம்பை வைத்திருப்பது அவருடைய உடம்புக்காக. அலுவலகக் கோப்பில் மட்டும் அந்தக் கணக்கு இருந்தால், வேலை மாறிப் போகும்போது அவர் எதைக் கொண்டுபோய் அடுத்த இடத்தில் காட்டுவார்?