ஸ்லீவா, பைபாஸா?

கீழக்கரை, மண்டபம் பக்கமிருந்து எடைக்குறைப்பு ஆபரேஷனுக்கு மதுரை கிளம்புறவங்க, "ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் ரெண்டுல எதுல சீக்கிரம் இளைக்கும்?"னுதான் கேக்குறாங்க. முதல்ல பாக்க வேண்டியது நெஞ்செரிச்சல்.

ஸ்லீவ்ல இரைப்பையில சுமார் 75–80% வெட்டி எடுத்துடுவாங்க. திரும்ப ஒட்ட முடியாது. மிச்சம் ஒடுக்கமான குழாய். உள்ளே அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறும். கடுமையா எதுக்களிக்குதுன்னா பெரும்பாலும் பைபாஸ்தான் தோது: 30 மில்லி கொள்ற சின்னப் பை, அதுல நேரா சிறுகுடல் இணைப்பு. ஆனா இதுல ரெண்டு துண்டு தொதல் (நம்ம ஊரு இனிப்பு) தின்னாலே படபடப்பு, வியர்வை, வயித்தால போறது எல்லாம் வரலாம். வலை இழுத்த உடம்புவலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுற பழக்கம் (நம்ம கரையோரத்துல யாருக்குத்தான் இல்ல?) அறவே கூடாது, இணைப்புல புண்ணு வரும். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரை ஆயுசுக்கும்.

ரெண்டுல எது செஞ்சாலும், சாப்பிட்டு அரைமணி கழிச்சுத்தான் தண்ணி. தட்டுல முதல்ல மீனு, அப்புறம்தான் சோறு.