யாருடைய கண்?

எங்கள் உயர்தர வகுப்புச் சரித்திர மாஸ்டர் பாடநூலை மூடி வைத்தால்தான் வகுப்பு களைகட்டும். பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டங்களை அவர் கிழமைக் கணக்கில் நடத்தினார்.

"ஒருவன் இன்னொருவனின் கண்ணைக் கெடுத்துவிட்டான். தண்டனை என்ன?" என்பார். "கண்ணுக்குக் கண்!" என்று வகுப்பே கத்தும். "யாருடைய கண், தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். எங்களுக்கு வாயடைத்துவிடும்.

அந்தக் கேள்விதான் எனக்கு அவர் தந்த பெரிய சொத்து. ஹமுராபியிடம் கண்ணுக்குக் கண் என்பது உயர்குடியினருக்குள் மட்டுமே. அவர்களுக்குக் கீழ்ப்பட்ட குடிமகனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா, அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ வெள்ளி. அடிமையின் கண்ணென்றால் அவன் விலையில் பாதி. அதுவும் போய்ச் சேருவது எசமானிடம்.

இச்சட்டங்களைத் தாங்கிய கருங்கல் தூண் நான் வாழும் பாரிஸில், லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 2.25 மீற்றர். உச்சியில் சூரியக் கடவுள் ஷமாஷின் முன் அரசன் நிற்கிறான். ஏலாமிய அரசன் ஒருவன் கொள்ளைப் பொருளாக, இன்றைய ஈரானிலுள்ள சூசா நகருக்குக் கொண்டுபோன இத்தூணை, 1901-1902இல் பிரெஞ்சு அகழ்வாளர் அங்கே கண்டெடுத்தனர். பாரிஸுக்கு வரும் பழைய மாணவர்கள் தவறாமல் பாருங்கள்.

பழைய சட்டமென்றால் கொடூரம், காலம் போகப் போக இரக்கம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். அது சரியல்ல. ஹமுராபிக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியது ஊர்-நம்மு என்ற அரசனின் பெயரால் அறியப்படும் சுமேரியச் சட்டம். அங்கே கொலைக்கு மரணம்தான். ஆனால் கெடுத்த கண்ணுக்கு அரை மினா வெள்ளி போதும். அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின், பண்டைய மக்களான ஹிட்டைட்டுகளோ தங்கள் திருத்தத்தையும் சட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்தார்கள்: அடிமையல்லாதவனின் கண்ணைக் கெடுத்தால் முன்பு 40 சேக்கல் (பழைய எடையளவு) வெள்ளி கொடுத்தார்கள், இப்போது 20 கொடுக்க வேண்டும். அரசின் வாயிலிருந்து வரும் அந்த 'முன்பு', 'இப்போது' என்னும் சொற்கள் இன்றும் எனக்கு வியப்புத் தருகின்றன. ஆயினும் அடிமையின் கண்ணுக்கு அங்கும் 10 சேக்கல்தான்.

மாஸ்டரின் கேள்விக்கு வேறு திசையில் பதில் சொல்வது விவிலியத்தின் யாத்திராகமம் 21ஆம் அதிகாரம். கண்ணுக்குக் கண் என்பது அங்கேயும் உண்டு. ஆனால் தன் அடிமையின் கண்ணைக் கெடுத்த எசமான் அவனை விடுதலை செய்ய வேண்டும். ஈடு காயப்பட்டவனுக்கே கிடைக்கிறது. நால்வகைச் சட்டங்களிலும் என் மனம் நிற்பது இந்த வரியில்தான்.

இந்நான்கையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, உயர்தர மாணவருக்கு ஒரு சிறு தமிழ்க் கையேட்டை நமது பழைய மாணவர் சங்கம் அச்சிட்டு அனுப்ப வேண்டும். எழுதித்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.