மால்தினிக்கு விசில் அடித்தவர்கள்

கோல் அடித்தவன் பெயர் மறுநாள் தலைப்பில் வரும். தடுப்பாட்டக்காரன் பெயர் வந்தால், அன்றைக்கு அவன் கோட்டை விட்டிருக்கிறான் என்று அர்த்தம். அந்த இடத்தில் நின்று 25 சீசன் இத்தாலியக் கால்பந்து கிளப்பான ஏசி மிலானுக்கு மட்டுமே ஆடியவர் பாவ்லோ மால்தினி. 1985 ஜனவரியில் முதல் லீக் ஆட்டம், வயது 16. கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையை ஐந்து முறை வென்றவர்.

இயல்பில் வலது காலன், ஆனால் ஆடியது பெரும்பாலும் இடது பக்கம். சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதை விட, முன்னேறுபவனை மெல்ல மெல்ல ஓரக்கோட்டுக்கு ஒதுக்கிவிடுவதுதான் எனக்குப் பிடித்த மால்தினி. 2005இல் இஸ்தான்புலில் நடந்த அந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியில் முதல் நிமிடமே கோல் அடித்தார். இங்கிலாந்தின் லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்றதுதான் மிச்சம். 2007இல் அதே லிவர்பூலை வென்று கோப்பையைத் தூக்கினார், 38 வயதில்!

2009 மே மாதம், மிலானின் சொந்த மைதானமான சான் சிரோவில் விடை பெறும் ஆட்டம். சொந்த ரசிகர்களில் ஒரு கூட்டமே எதிர்த்துப் பதாகை பிடித்து விசில் அடித்தது (அங்கே விசில் பாராட்டு அல்ல, கண்டனம்). இவருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

அப்புறம் பல வருடம் கிளப் பக்கம் வரவில்லை. 2017இல் 49 வயதில் மிலான் நகரில் தொழில்முறை டென்னிஸ் இரட்டையர் ஆட்டம் ஆடி, முதல் சுற்றிலேயே தோற்றார் (பரவாயில்லை, ரசித்துத்தான் ஆடினார்). 2018இல் நிர்வாகியாகத் திரும்பினார். 2022இல் மிலான் 11 வருடம் கழித்து லீக் பட்டம் வென்றபோது மகன் டேனியலும் அணியில் இருந்தார். மறுவருடமே மால்தினியைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.